பூட்டிய பூங்காவும் பெயர் மறைந்த ஆயாவும்

தாய்தந்தையரை இழந்த பிள்ளை ஒன்று தன்னந்தனியே ஒரு பழம்பெரு மாளிகையை அடைகின்றது. அம்மாளிகையில் திறக்கலாகாத கதவுகள் பல உள. நள்ளிரவில் எங்கிருந்தோ ஓர் அழுகுரல் கேட்கின்றது. இம்மூன்றையும் கூறிவிட்டுக் கதை சொல்பவர் வாளா இருப்பாராயின், கேட்டிருக்கும் சிறார் அவரை எழுந்துபோக விடுவரோ? ஒருபோதும் விடார். அழுகை, மருட்கை, அச்சம் என்னும் மெய்ப்பாடுகள் மூன்றும் ஒரே கயிற்றில் முறுக்குண்ட கதை இது. அழுகை பிறக்கும் இடங்களுள் இழவினையும், அச்சம் பிறக்கும் இடங்களுள் அணங்கினையும் எண்ணிச் சொன்ன ஆசிரியர் தொல்காப்பியனார், இத்தகைய கதைகளைக் கேளாமலா அவ்வாறு வகுத்திருப்பார்?

மேனாட்டார் இவ்வகைக் கதைகளைக் 'காதிக்' கதைகள் என்று வழங்குவர். ஹோரஸ் வால்போல் என்பார் 1764-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒட்ராண்டோக் கோட்டைக் கதையை இவ்வகைக்கு முதனூலாகக் கொள்வது மரபு. இருண்ட கோட்டை, பழைய சாபம், மறைந்த வழி, இறந்தோர் நிழல் ஆகிய இவையெல்லாம் முதலில் முதியோர்க்கென எழுதப்பெற்றுப் பின்னர்ச் சிறார் நூல்களுக்குள்ளும் புகுந்தன. நம் காலத்துச் சிறார் நன்கறிந்த ஹாரி பாட்டர் கதையும் (1997) பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனது மாயக்கதையே அன்றோ? அதற்கு எண்பத்தாறு ஆண்டுகட்கு முன்னர், 1911-ஆம் ஆண்டில், நூல்வடிவம் பெற்ற வேறொரு கதையைப் பற்றியே ஈண்டு யாம் எழுதப் புகுந்தோம். 'இரகசியப் பூங்கா' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். அக்கதை நம் பாரத நாட்டில் தொடங்குவது. அதனைத் தமிழ்ச் சிறார்க்குச் சொல்ல நேர்ந்தபொழுது எம் உள்ளத்தில் எழுந்த ஒரு வினா இன்னும் அடங்காதிருப்பது. ஆகலின் இக்கட்டுரை.

நூலை எழுதியவர் பிரான்சிஸ் ஹாட்ஸன் பர்னெட் அம்மையார். 1849-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரிற் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தவர். வறுமையின் காரணமாகக் குடும்பத்தோடு 1865-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னஸி நாட்டுப்புறத்தை அடைந்து, எழுத்தினாலே குடும்பத்தைத் தாங்கியவர். 1890-ஆம் ஆண்டில் தம் மூத்த மகனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். பின்னர்க் கென்ட் மாகாணத்தில் ஒரு பழைய மாளிகையில் அவர் வாழ்ந்த காலத்தில், அங்கிருந்த மதில்சூழ் பூங்காவும், கையருகே வந்து பழகிய ஒரு செம்மார்புச் சிட்டும் இந்நூலுக்கு வித்தாயின என்பர். அவர் 1924-இல் இறந்தபோது அவரைப் பற்றி எழுதியோர் பிற நூல்களையே பெரிதும் நினைந்தனர். இந்நூலை நினைந்தவர் சிலரே. இன்றோ அவர் பெயர் நிலைப்பதற்கு இந்நூலே தலையாய காரணமாகி நிற்கின்றது. பூங்கா பத்தாண்டு பூட்டிக்கிடந்து தளிர்த்தது போல நூலும் காலந்தாழ்த்துத் தளிர்த்தது எனலாம்.

கதையைச் சுருங்கக் கூறுவோம். மேரி லென்னக்ஸ் என்னும் ஒன்பது வயதுச் சிறுமி, இந்தியாவில் ஆங்கில அலுவலர் ஒருவர்க்குப் பிறந்தவள். விருந்துகளிலே மனம் வைத்த தாய் அவளைக் கண்ணெடுத்தும் பாராள். குழந்தையை ஓர் ஆயாவின் கையில் ஒப்படைத்து, தன் கண்ணிற் படாது வைத்திருக்குமாறு கட்டளையிட்டிருந்தாள். ஒருநாட் காலை ஆயா வரவில்லை. குழந்தை தாழ்வாரத்தின் அருகே மரநிழலிற் சிறுசிறு மண்குவியல்கள் செய்து அவற்றில் செம்பருத்திப் பூக்களை நட்டு விளையாடுகின்றது. வாந்திபேதி ஊருக்குள் வந்துவிட்டது, ஆயா இறந்துபட்டாள், பின்னர் தாயும் தந்தையும் இறந்தனர், எஞ்சிய வேலையாட்கள் ஓடிப்போயினர். அக்கொள்ளைநோயின் கிருமியை ராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவிலேயே ஆராய்ந்து நிறுவியிருந்தார் எனினும், நூல் எழுந்த காலத்திலும் அதன் பெயர் கேட்ட அளவில் ஊர்கள் காலியாயின. வெறிச்சோடிய அப்பெருவீட்டிற் குழந்தை தனியே விழித்தெழுகின்றது. தரைமீது ஒரு சிறு பாம்பு ஊர்ந்து செல்கின்றது. வேறு உயிரில்லை.

பின்னர் அவள் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பெருவெளியிலுள்ள தன் மாமன் மாளிகைக்கு அனுப்பப்படுகின்றாள். அறுநூறு ஆண்டுப் பழமை, ஏறக்குறைய நூறு அறைகள், பெரும்பாலன பூட்டியவை. மாமன் மனைவியை இழந்த துயரால் உலகை வெறுத்தவர். அவள் வளர்த்த பூங்காவைப் பூட்டித் திறவுகோலைப் புதைத்துவிட்டவர். இரவில் கேட்கும் அழுகுரலைக் காற்றின் ஓசை என்று வேலையாட்கள் சாதிக்கின்றனர். மேரி விளக்கேந்திச் சென்று காண்கின்றாள்: பத்து வயதான காலின் என்னும் மாமன் மகன், தான் கூனனாகி விரைவில் இறப்பேன் என்னும் அச்சத்தாற் படுக்கையை விட்டெழாது கிடக்கின்றான். ஒரு சிட்டு வழிகாட்டத் திறவுகோலும், காற்று கொடியை விலக்கக் கதவும் அவளுக்குக் கிட்டுகின்றன. விலங்கும் பறவையும் நேசிக்கும் டிக்கன் என்னும் ஏழைச் சிறுவனும் உடன்சேர, மூவரும் களை பறித்து, மண் கிளறி, விதை தூவுகின்றனர். பூங்கா உயிர்க்கின்றது, பிள்ளைகளும் உயிர்க்கின்றனர். இவ்வாற்றலுக்குக் காலின் இட்ட பெயர் 'மாயம்' என்பதாம். மந்திரக்கோலும் இல்லை, பேயும் இல்லை. ஆயினும் நூல் முழுதும் மாயமே.

நிற்க. திருவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையடியில், செண்பகத்தோப்பு என்னும் இடம் உள்ளது. இராசபாளையத்தாரும் வில்லிபுத்தூராரும் ஒருங்கே தமதென்று உரிமை பாராட்டும் இடம். பெயரளவில் தோப்பு, உண்மையில் பெருங்காட்டின் வாயில். மலைமேற் காட்டழகர் கோயில். அடிவாரத்தில் ராக்காச்சி அம்மன் கோயில். மழைக்காலத்தில் திடீரெனப் பெருகிவரும் ஓடைகள். அவற்றுள் ஒன்றன் பெயரே பேயனாறு. காதிக் கதை எழுதுவார்க்கு யார்க்ஷயர் செல்ல வேண்டுவதில்லை என்பதற்கு இப்பெயர் ஒன்றே சான்றாம். பளியர் என்னும் மலைக்குடியினர் இங்கு வாழ்கின்றனர். 1988-ஆம் ஆண்டில் இக்காடு சாம்பல் நிற அணில்களின் சரணாலயம் ஆயிற்று. 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தினுள் அடங்கிற்று. அவ்வணில் எளிதில் தரையில் இறங்குவதில்லை. கிளையொடு கிளை கோத்து நிற்கும் மரங்களின் மேலேயே அதன் வாழ்வு முழுதும் நடைபெறுகின்றது. மரங்கள் நெருங்கி நிற்குமளவும் அதற்கு வழியுண்டு. இடையில் ஒரு மரம் வீழின் வழி அறும். தாயென்னும் மரம் வீழ்ந்த பிள்ளைக்கு அடுத்த கிளையை நீட்டுபவர் யார் என்பதே அநாதைக் கதைகள் அனைத்தும் கேட்கும் வினா என்று எமக்குத் தோன்றுகின்றது.

சென்ற கோடை விடுமுறையில், அடிவாரத்துச் சிற்றூர்த் திருச்சபை ஒன்றன் பிள்ளைகள் பதினைவர்க்கு நாள்தோறும் கதை சொல்லும் பொறுப்பு எம்மிடம் வந்தது. தோப்பினருகே ஒரு மாமரத்தடியில் அமர்ந்து, ஆங்கில நூலை மடியில் விரித்துத் தமிழிற் சொல்லி வந்தோம். மலையடிப் பிள்ளைகள் அஞ்சும் இடமும் நகையாடும் இடமும் யாம் கருதியவாறு அமையவில்லை. வீட்டினுள் பாம்பு ஊர்ந்த இடத்தில் ஒருவரும் அசையவில்லை. பாம்பு அவர்கட்கு அன்றாட வழிப்போக்கன். நூறு அறை என்றபோது, "இத்தனைக்கும் யார் பெருக்குவது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். ஆனால் இரவில் அழுகுரல் கேட்ட இடத்தில் பதினைவரும் ஒருவரோடொருவர் ஒட்டி அமர்ந்தனர்.

தொடக்க நாளன்றே, கதை முடிந்து பிள்ளைகள் கலையும் வேளையில், பெரியம்மாவின் வீட்டில் வளரும் ஒரு சிறுமி மட்டும் எழாதிருந்தாள். அதிகம் பேசாதவள். "அக்கா, அந்த ஆயா பேரு என்ன?" என்றாள். நூலிற் பார்த்துச் சொல்வதாகக் கூறினோம். அன்றிரவு முதல் அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டினோம். பின்னர் நூல் முழுவதையும் அதன் பொருட்டே ஒருமுறை படித்தோம். மேரி சினந்து முணுமுணுக்கும் ஒரே ஓரிடத்தில் 'சைடி' என ஒருமுறை வந்து மறைவதன்றி ஆயாவின் பெயர் வேறெங்கும் இல்லை. மேரிக்குப் பெயருண்டு, மாளிகைக்குப் பெயருண்டு, காகத்துக்கும் நரிக்குட்டிக்கும் டிக்கன் இட்ட பெயர்களுண்டு. குழந்தையை ஒன்பது ஆண்டு எடுத்து வளர்த்து, அவ்வீட்டின் நோய்க்கு முதலில் இரையான பெண்ணை மட்டும் அதன்பின் எவரும் பெயர் சொல்லி நினைப்பதில்லை. அதுமட்டுமன்று, இங்கிலாந்துக்கு வந்த மேரி, இந்தியரைப் பற்றிப் பேச்செழுந்தபொழுது, அவர்கள் மனிதரே அல்லர், சலாம் இடவேண்டிய வேலையாட்கள் என்னும் கருத்துப்படச் சினந்து கூறுகின்றாள். இதனைப் பிள்ளைகட்கு எவ்வாறு சொல்வது என்று யாம் நெடுநேரம் எண்ணினோம். உள்ளவாறே சொல்வதெனத் துணிந்தோம்.

'ஆயா' என்னும் சொல் போர்த்துகேசியரிடமிருந்து வந்தது. செவிலி என்பது பொருள். நம் நாட்டிற் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்பர். ஆகவே அச்சொல் உறவாகவும் ஊழியமாகவும் ஒருங்கே ஒலிக்கின்றது. ஆங்கிலக் குடும்பங்களோடு கப்பலேறிக் குழந்தைகளைப் பேணிச் சென்ற ஆயாக்கள் பலர், இலண்டன் சேர்ந்தபின் கைவிடப்பட்டுத் திரும்பிச் செல்ல வழியின்றித் தவித்தனர். அவர்கட்கெனவே அந்நகரில் ஓர் இல்லம் இருந்தது. 1900-ஆம் ஆண்டு முதல் ஹாக்னிப் பகுதியில் இலண்டன் நகர மிஷன் அதனை நடத்திற்று. 2022-ஆம் ஆண்டில் அவ்வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப் பலகை பதித்தனர். பலகை வந்தது நன்றே. அங்குத் தங்கியவர்களுட் பலரை நாம் இன்றும் 'இன்னார் வீட்டு ஆயா' என்ற அளவிலேயே அறிகின்றோம்.

நம் பழங்கதைகள் இவ்வகையில் வேறு வழிச் சென்றன. பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட கர்ணனை எடுத்து வளர்த்தவள் தேரோட்டியின் மனைவி இராதை. பெற்றவள் அரசியாயிருந்தும், வளர்த்தவள் பெயரால் அவன் இராதேயன் எனப்பட்டான். கண்ணனைப் பெற்றவள் தேவகி. பிள்ளைகளின் வாயில் முதலில் வரும் பெயரோ யசோதை. எம் சமய நூலிலும், நாணற்பெட்டியில் மிதந்த மோசேயைக் கண்டெடுத்த அரசன் மகளின் பெயரை யாத்திராகமம் கூறாதொழியினும், அவள் இட்ட பெயராலேயே உலகம் அவனை அழைக்கின்றது.

இவை யாவற்றினும் அணுக்கமானது, செண்பகத்தோப்பிலிருந்து நோக்கின் கோபுரம் தெரியும் தொலைவிலுள்ள வில்லிபுத்தூரின் கதையேயாம். நந்தவனத்திலே துளசிச் செடியின் அடியிற் கிடந்த பெண்மகவு ஒன்றை, ஆடிப் பூர நாளில், விட்டுசித்தர் என்னும் பெரியாழ்வார் கண்டெடுத்தார் என்பது வைணவ மரபு. பெற்றோர் யாரென்று தெரியாத அம்மகவே கோதை, பின்னர் ஆண்டாள். முப்பது பாசுரங்களாலான திருப்பாவையையும், நாச்சியார் திருமொழியையும் தந்த அவரையும் தமிழுலகம் பூங்காவிலிருந்தே பெற்றது. கோதை வளர்ந்த மனையின் தலைவர் எத்தகையவர் எனின், தாமே தாயாகிப் பாடியவர். யசோதை நிலையில் நின்று, குழந்தையைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டியும், நிலவை விளையாட வருமாறு அழைத்தும், நீராட்டியும், பூச்சூட்டியும் அவர் பாடியவையே பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கட்கு ஊற்றாயின என்று புலவர் கூறுவர். ஆண்மகன் ஒருவன் தாயின் குரலை மேற்கொண்டு தாலாட்டிய அவ்வூரிலேயே, தாயற்ற குழந்தை ஒன்று பூங்காவிற் கண்டெடுக்கப்பட்டது என்னும் இயைபு எண்ணுந்தோறும் இனிக்கின்றது. சமயத்தால் வேறுபட்ட யாமும் அவ்வினிமையைத் தமிழ்ப்பிள்ளைகள் என்னும் முறையால் உரிமையோடு சுவைக்கின்றோம்.

ஆயினும் இம்மண்ணின் கதைகள் யாவும் இனிப்பன அல்ல. வத்திராயிருப்புக்கு அண்மையிலுள்ள அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்கு இன்றும் கோயிலுண்டு. இளமையிலே பெற்றோரை இழந்து, அண்ணன் நல்லதம்பியின் அரவணைப்பில் வளர்ந்து, மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டவள் நல்லதங்காள். பன்னிரண்டாண்டுப் பஞ்சம் வருத்த, மக்கள் எழுவரோடும் காடுகடந்து பிறந்தகம் வருகின்றாள். அண்ணன் இல்லாத வேளை. அண்ணி மூளி அலங்காரி கதவடைக்கின்றாள். சோறு சமைக்கப் பச்சை வாழைமட்டையை விறகாகக் கொடுக்கின்றாள். அதுவும் நல்லதங்காளின் கற்பின் ஆணைக்கு எரிந்தது என்பது கதை. பசியினும் அவமதிப்புக் கொடிதாக, அவள் எழுவரையும் பாழுங்கிணற்றில் எறிந்து தானும் வீழ்கின்றாள். அடைத்த கதவு, எரியாதது எரிதல், காட்டுவழி, பாழ்ங்கிணறு: காதிக் கதையின் உறுப்பு எது ஈண்டுக் குறைந்தது? 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாதுவருடப் பஞ்சத்தைக் கண்ட முதியோர்க்கு இது கட்டுக்கதையாகத் தோன்றியிராது. சென்னை இரத்தின நாயகர் முதலியோர் அச்சிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்களாய்ச் சந்தைதோறும் விலைபோய், எழுத்தறிந்த ஒருவர் படிக்கத் தெருவே கூடிக் கேட்டு அழுத கதை இது.

இக்கதையை யாம் கேட்டதும் ஓர் ஆயாவின் வாயிலாகவே. எமக்கு நினைவு தெரியுமுன் அன்னையும், பின்னர்த் தந்தையும் மறைந்தமையால், தென்பகுதியிலுள்ள ஓர் இல்லத்தில் யாம் வளர்ந்தோம். அங்குச் சமையற்கட்டில் ஊழியம் புரிந்த மூதாட்டியை எல்லோரும் ஆயா என்றே அழைத்தோம். அவருக்குப் படிக்கத் தெரியாது. தம் இளமையிற் பிறர் படிக்கக் கேட்ட நல்லதங்காள் கதையை ஓசைமாறாது சொல்லுவார். ஆனால் ஒரே ஓரிடத்தை மாற்றிவிடுவார். ஆறு பிள்ளைகள் கிணற்றில் விழுந்தபின், ஏழாவது பிள்ளை தாயின் கையிலிருந்து நழுவி ஓடிவிடும். "எங்கே ஓடினது, ஆயா?" என்று யாம் கேட்போம். "எங்கே ஓடும்? இங்கேதான் வந்தது. உன் பக்கத்துப் பாயிலே படுத்திருக்கு, பாரு" என்பார். யாம் இருளில் திரும்பிப் பார்ப்போம். பக்கத்துப் பாயில் உண்மையாகவே ஒரு பிள்ளை படுத்திருக்கும். அச்சம் நீங்கி உறக்கம் வரும்.

புலவர் எவரும் துணியாத திருத்தம் அது. ஏட்டைப் புரட்டி, ஏழாவது பிள்ளையும் கிணற்றிலேயே விழுந்ததென்று யாம் அறிந்தது பன்னிரண்டாம் வயதில். அறிந்த அன்று ஆயாவிடம் சென்று, "நீங்கள் சொன்னது ஏட்டில் இல்லையே" என்றோம். அவர் அடுப்பிலிருந்து முகந்திருப்பாமலே, "ஏட்டை எழுதினவனுக்கு இத்தனை பிள்ளை இருந்துதா?" என்றார். அம்மறுமொழிக்கு எதிர்மொழி இன்றுவரை எமக்குக் கிட்டவில்லை.

யாம் மேனிலைப் பள்ளியிற் பயின்ற காலத்தில் அவர் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் அவர்தம் சிலுவையில் பெயர் பொறிக்க வேண்டியிருந்தது. திருச்சபைப் பதிவேட்டைத் திறந்து பெயரைக் கண்டனர். பிள்ளைகளாகிய யாம் நாற்பதின்மர் வரிசையாக நின்று, அழகிய தமிழ்ப் பெயர் ஒன்றை முதன்முறையாகப் படித்தோம். அப்பெயரை ஈண்டு எழுதாது விடுகின்றோம். அது கல்லின்மேல் இருக்கின்றது. வேண்டுவோர் நேரிற் சென்று படிக்கலாம்.

இந்நினைவோடு 'இரகசியப் பூங்கா'வை மீண்டும் நோக்கினால், அதன் மையத்திலே ஒரு பொருள் மறைந்து கிடப்பது புலனாகும். அழுகுரலைத் தேடிச் சென்ற மேரி, காலினை எவ்வாறு உறங்கச் செய்தாள்? தன் ஆயா தனக்குச் செய்தவாறே அவன் கையை வருடித் தட்டி, இந்துஸ்தானி மொழியில் ஒரு தாலாட்டை மெல்லப் பாடினாள். பத்தாண்டு எவராலும் அடக்கலாகாத அழுகை அடங்கிற்று. பூங்காவின் கதவு திறந்தது முன்னர். சிறுவனின் இமை மூடியது பின்னர். மாளிகையில் நிகழ்ந்த மாயங்களுள் இதனையே யாம் தலையாயதாகக் கருதுகின்றோம். மேரிக்குத் தாயிடமிருந்து வந்த செல்வம் ஒன்றுமில்லை. அவள் கடல்கடந்து கொண்டுசென்ற ஒரே செல்வம் ஆயாவின் பாட்டு. மண்குவியலிற் செம்பருத்தி நட்ட அவ்விளையாட்டும், ஆயா இருந்த வீட்டின் மரநிழலில் தொடங்கியதே. மாயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய காலின், மேரி இந்தியாவிற் பிறந்தவள் ஆகலின் அதனை அறிவாள் என்னும் குறிப்பைத் தானே கூறுகின்றான். ஆனால் அவன் எண்ணியது பக்கிரிகளின் வித்தையை. உறங்கிப் போனமையால், தன்மீது நிகழ்ந்த வித்தையை அவன் அறியான் போலும்.

அவ்வாறாயின் பர்னெட் அம்மையார் ஆயாவை அறவே மறந்தார் என்று கூறுதலும் முறையன்று. அறிந்தோ அறியாமலோ, கதையின் பெருந்திருப்பத்தை அவளது பாட்டின் கையிலேயே கொடுத்துள்ளார். பாட்டைக் கொடுத்தவர் பெயரை நிலைக்கக் கொடுத்திலர், அவ்வளவே. பன்னிரு மக்களைப் பெற்ற ஏழைத்தாய் சூசன் சவர்பியை அவர் எத்துணை அன்போடு வரைந்துள்ளார் என்பதை எண்ணினால், ஊழியம் புரிவோரை அவர் பொதுவாக இகழ்ந்தவர் அல்லர் என்பதும் விளங்கும். தம் நாட்டு ஏழையை முகத்தோடு கண்ட அவர் கண்ணுக்கு, நம் நாட்டு ஏழையின் கை மட்டுமே தெரிந்தது.

இத்தகைய நூலைச் சிறாரிடம் கொடுக்கலாமோ என்று சிலர் ஐயுறுவர். பேயும் இருளும் சாவும் நிறைந்த கதை பிஞ்சு மனத்தைக் கெடுக்கும் என்பது ஒரு சாரார் கருத்து. நம்மை இழித்துக் கூறும் நூல் நமக்கு எதற்கு என்பது மற்றொரு சாரார் கருத்து. முன்னவர்க்கு யாம் கூறுவது இது: இருளைப் பிள்ளைகள் கதையிலிருந்து முதன்முதல் அறிவதில்லை. வாந்திபேதி முதல் பெருந்தொற்று வரை, வறட்சி முதல் வெள்ளம் வரை, இருள் அவர்கள் வீட்டுக்கே வருகின்றது. கதை தருவது அவ்விருளினுட் செல்ல ஒரு விளக்கும், உடன்செல்ல ஒரு தோழமையும். பின்னவர்க்கு யாம் கூறுவது: கொடுக்கலாம், ஆனால் தனியே அன்று. உடனமர்ந்து படித்து, வினாவுக்கு இடங்கொடுத்துக் கொடுத்தல் வேண்டும். மலையடிச் சிறுமி ஒருத்தி கேட்ட ஒரு வினா, அந்நூலைப் பற்றி யாம் படித்த முன்னுரைகளைக் காட்டிலும் எம் கண்ணைத் திறந்தது.

மறுநாள் அச்சிறுமியிடம் உண்மையைச் சொன்னோம்: "ஆயாவைப் பேர் சொல்லி யாரும் கூப்பிடவே இல்லை." அவள் சிறிது எண்ணி, "அப்ப நம்ம வைப்போம்" என்றாள். பதினைவரும் வழக்காடினர். ஒருவன் தன் பாட்டியின் பெயரைச் சொன்னான். ஒருத்தி தன் ஆசிரியையின் பெயரைச் சொன்னாள். இந்துஸ்தானி பாடுபவளுக்குத் தமிழ்ப்பெயர் பொருந்துமோ என்று ஒருவன் தருக்கம் தொடுத்தான். ஈற்றில் அச்சிறுமி தன் பெரியம்மாவின் பெயரை முன்மொழிய, பிறர் உடன்பட்டனர். எஞ்சிய நாட்களில் யாம் கதை சொல்லுந்தோறும், மேரி பாடும் இடம் வரும்பொழுது, அப்பெயரைச் சொல்லியே மேற்சென்றோம்.

மாணவ நண்பர்காள், நம் தென்மாவட்டத்துக்கு இவ்வகையில் ஒரு பெருமை உண்டு. பர்னெட் அம்மையாரின் நூல் வெளிவந்த காலத்தில், நெல்லைச் சீமையின் டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901 முதல் தொடங்கிய இல்லத்தில், ஆதரவற்ற பிள்ளைகள் பலர் வளர்ந்துகொண்டிருந்தனர். அவ்வில்லத்தில் பிள்ளைகளைப் பேணிய பெண்கள் அக்காள் என்றும் சித்தி என்றும் உறவுமுறையாலேயே அழைக்கப்பட்டனர். உறவுச்சொல் ஊழியத்தை உயர்த்துகின்றது, மெய்யே. எனினும் உறவுச்சொல்லின் பின்னே ஒரு பெயரும் இருக்கின்றது என்பதை நாம் மறவாதிருப்போமாக. நம் கல்லூரி விடுதிகளிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும் அக்கா, ஆயா, பாட்டி என்று நாம் நாள்தோறும் அழைப்போர் எத்துணையர்!

தமிழ்ச் சிறார்க்கென ஒரு நல்ல மாயக்கதை எழுதும் ஆவல் நம்முள் எவர்க்கேனும் இருக்குமாயின், யார்க்ஷயர் மாளிகையை இரவல் வாங்க வேண்டா. செண்பகத்தோப்பு இருக்கின்றது, பேயனாறு ஓடுகின்றது, தரையிறங்காத அணிலும், மலைமேல் ஓர் அழகரும், காவலுக்கு ஒரு ராக்காச்சியும் இருக்கின்றனர். பிள்ளையைத் துளசியடியிற் கண்டெடுத்த ஊர் ஒருபுறம். கிணற்றில் இழந்த ஊர் மறுபுறம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காட்டுவழியில் ஏழாவது பிள்ளை இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றது. அதனைக் கண்டு, கைப்பிடித்து, சோறிட்டு உறங்க வைப்பாள் ஒருத்தி கதையில் வேண்டும். அவளுக்கு முதற்பக்கத்திலேயே ஒரு பெயரை வைத்துவிடுங்கள்.